வி.ஏ. மருத்துவமனையில் நர்ஸ் வேலை: காகிதமும் கட்டில் பக்கமும்

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்காக அரசே நடத்தும் மருத்துவமனைகளை எல்லாரும் வி.ஏ. (வெட்டரன்ஸ் அஃபேர்ஸ்) என்றுதான் சொல்கிறார்கள். நாடு முழுக்கச் சுமார் 170 பெரிய மருத்துவமனைகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளினிக்குகள், பதிவு செய்துகொண்ட படைவீரர்கள் ஏறத்தாழ 90 லட்சம் பேர். தனியார் மருத்துவமனையில் பத்து வருடம் பழுத்த நர்ஸுக்கும் இங்கே இரண்டு விஷயம் புதிதாக இருக்கும். ஒன்று, உங்கள் க்ரேடையும் சம்பளத்தையும் ஒரு போர்டு தீர்மானிக்கிறது. அந்த போர்டு உங்கள் வேலையை நேரில் பார்ப்பதில்லை, எழுத்தில் இருப்பதைத்தான் படிக்கிறது. இன்னொன்று, கட்டிலில் இருப்பவரின் நோய்க்குப் பின்னால் ஒரு ராணுவச் சரித்திரம் இருக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் செய்யும் நர்சிங் அரைகுறை நர்சிங்.

முதலில் குடியுரிமை. தகுதியான அமெரிக்கக் குடிமக்கள் கிடைக்காத இடத்தில் மட்டுமே மற்றவர்களை எடுக்கலாம் என்பது சட்டம். க்ரீன் கார்டோடு உள்ளே போனவர்கள் உண்டு, ஆனால் அதை நம்பித் திட்டம் போட முடியாது. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து வருபவருக்கு வழி நீளமானது. நர்ஸ் லைசென்ஸுக்கான என்க்ளெக்ஸ் தேர்வு, படிப்பையும் ஆங்கிலத்தையும் சரிபார்க்கும் விசாஸ்க்ரீன் சான்று, தனியார் மருத்துவமனை வழியாக வேலை அடிப்படையிலான இ.பி.3 பிரிவில் க்ரீன் கார்டு, அதிலிருந்து பொதுவாக 5 ஆண்டு கழித்துக் குடியுரிமை. நர்ஸ் வேலை ஷெட்யூல் ஏ என்ற ஆள் பற்றாக்குறைப் பட்டியலில் இருப்பதால், உள்ளூரில் ஆள் இல்லை என்று நிரூபிக்கும் லேபர் சர்டிஃபிகேஷன் என்ற ஒரு படி குறைகிறது. ஆனால் இந்தியர்களுக்கான இ.பி.3 வரிசையே பல ஆண்டு நீளம். ஆகவே வி.ஏ.வுக்குள் வரும்போது நம்மவர்களில் பலருக்கு நாற்பது வயது நெருங்கியிருக்கும். ஓய்வூதியக் கணக்கில் இந்த வயது பெரிய விஷயம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

காத்திருக்கும் அந்த வருடங்களை வீணாக்க வேண்டாம். வி.ஏ.வில் வயதானவர்கள் அதிகம், மனநலப் பிரிவு பெரியது, முதுகுத்தண்டுக் காயத்துக்குத் தனி மையங்கள் உண்டு. முதியோர் பராமரிப்பு, மனநலம், புண் பராமரிப்பு, ரீஹாப், டயாலிசிஸ், ஐ.சி.யு. இவற்றில் ஒன்றில் ஆழமாக இறங்கி, அந்தத் துறையின் தேசியச் சான்றிதழ் தேர்வையும் எழுதி முடித்து வைத்தால் போர்டு முன்னால் அது பேசும். இந்தியாவில் வேலை பார்த்த மருத்துவமனைகளிலிருந்து அனுபவச் சான்றை இப்போதே வாங்கி வையுங்கள். அதில் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த வார்டு, எத்தனை படுக்கை என்று இருக்க வேண்டும். பத்து வருடம் கழித்துக் கேட்டால் அங்கே உங்களைத் தெரிந்த ஒருவரும் இருக்க மாட்டார்.

வெளிநாட்டில் படித்தவர்கள் பயப்படும் ஒரு இடம் உண்டு. வி.ஏ. விதியில் அங்கீகாரம் பெற்ற அமெரிக்க நர்சிங் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்று இருக்கிறதே, நம் கல்லூரி எடுபடுமா என்று கேட்பார்கள். அமெரிக்க மாநிலம் ஒன்றின் முழுமையான, நடப்பிலுள்ள, கட்டுப்பாடு எதுவும் இல்லாத ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸ் இருந்தால் வெளிநாட்டுக் கல்லூரியில் படித்தவர்களுக்கு அந்த நிபந்தனை நிறைவேறியதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். எந்த மாநில லைசென்ஸாக இருந்தாலும் போதும். ஒஹையோ லைசென்ஸை வைத்துக்கொண்டு டெக்சஸ் வி.ஏ.வில் வேலை பார்க்கலாம். ஆனால் அதை ஒரு நாள்கூடக் காலாவதியாக விடக் கூடாது. லைசென்ஸ் போனால் வேலையில் இருக்கும் தகுதியே போய்விடும்.

விண்ணப்பம் யு.எஸ்.ஏ.ஜாப்ஸ் என்ற அமெரிக்க அரசு வேலைத் தளத்தில். நர்ஸ் வேலையின் தொடர் எண் 0610. அந்த எண்ணோடு ஊர்ப் பெயரையும் போட்டுத் தேடலைச் சேமித்து வைத்தால் அறிவிப்பு வந்ததும் மின்னஞ்சல் வரும். சில அறிவிப்புகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் விண்ணப்பம் சேர்ந்ததும் மூடிவிடும் என்பதால் ரெஸ்யூமே, டிரான்ஸ்கிரிப்ட், லைசென்ஸ் எல்லாம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். இவற்றோடு நர்ஸ்களுக்கான 10-2850ஏ படிவமும், ஓ.எஃப்.306 என்ற உறுதிமொழிப் படிவமும் கேட்பார்கள். கணவரோ மனைவியோ படைவீரராக இருந்தால் குடும்பத்தாருக்குச் சில முன்னுரிமைகள் உண்டு. அதற்கான தாள்களைத் தனியாக இணைக்க வேண்டும்.

அரசு ரெஸ்யூமே தனியார் ரெஸ்யூமே மாதிரி இருக்காது. ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கிய மாதம், முடிந்த மாதம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கட்டாயம் போட வேண்டும். '2016–2019' என்று மட்டும் எழுதினால் அது முழுநேரமா பகுதிநேரமா என்று படிப்பவருக்குத் தெரியாது. தெரியாத அனுபவம் கணக்கில் ஏறாது. அறிவிப்பில் பக்க வரம்பு இருந்தால் அதை மீறாதீர்கள். அறிவிப்பு எந்தச் சொல்லில் வேலையை விவரிக்கிறதோ, உங்களுக்கு உண்மையில் அந்த அனுபவம் இருந்தால், அதே சொல்லையே பயன்படுத்துங்கள்.

தேர்வானதும் முதலில் வருவது தற்காலிக ஆஃபர். பிறகு மருத்துவப் பரிசோதனை, போதைப்பொருள் சோதனை, கைரேகை, பின்னணி விசாரணை, வெட்ப்ரோ என்ற தளத்தில் சான்று சரிபார்ப்பு. வெட்ப்ரோவில் நீங்கள் இதுவரை வைத்திருந்த எல்லா லைசென்ஸையும் காட்ட வேண்டும், காலாவதியானதையும் சேர்த்து. வேலை இல்லாமல் இருந்த இடைவெளிகளுக்குக் காரணம் எழுத வேண்டும். பிரசவம், குடும்பம், ஊர் மாற்றம் எதுவானாலும் நேராக எழுதலாம், யாரும் குறை காண மாட்டார்கள். மறைத்ததாகத் தெரிந்தால்தான் பிரச்சினை. இது முடிய மாதக்கணக்கில் ஆகலாம். உறுதியான ஆஃபரும் சேரும் தேதியும் கைக்கு வரும் வரை இப்போதைய வேலையை ராஜினாமா செய்யாதீர்கள்.

இனி போர்டு. வி.ஏ. நர்ஸ்கள் டைட்டில் 38 என்ற சட்டப் பிரிவின் கீழ் வருகிறார்கள். நர்ஸ் 1 முதல் நர்ஸ் 5 வரை க்ரேடுகள். நர்ஸ் 1-க்குள்ளேயே மூன்று நிலை. உங்கள் படிப்பையும் அனுபவத்தையும் சேர்த்துப் பார்த்து எந்த க்ரேடு, எந்த ஸ்டெப் (க்ரேடுக்குள் இருக்கும் சம்பளப் படி) என்று பரிந்துரைப்பது நர்ஸ்களே உட்கார்ந்திருக்கும் தொழில்தர போர்டு. ஒரே ஊரில் ஒரே வார்டில் நர்ஸ் 1-ஆகவும் நர்ஸ் 2-ஆகவும் இருக்கும் இருவருக்குச் சம்பளத்தில் நல்ல வித்தியாசம் இருக்கும். அதனால் சேரும் முன் போர்டுக்குப் போகும் தாள்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று எச்.ஆரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எம்.எஸ்சி. சான்று, ஸ்பெஷாலிட்டி சான்றிதழ், கூடுதல் ஸ்டெப் கேட்பதற்கு ஆதாரமாக இப்போதைய சம்பளச் சீட்டு எல்லாம் சேரும் தேதிக்கு முன்னால் போக வேண்டும். சேர்ந்த பிறகு 'இதை விட்டுவிட்டேன்' என்று சொல்லித் திருத்துவது மிகக் கடினம்.

பதவி உயர்வுக்கும் இதே போர்டுதான். ஆண்டுதோறும் எழுதப்படும் திறன் மதிப்பீட்டு ரிப்போர்ட் அவர்கள் கைக்குப் போகும். நெடுநாளாக அதில் நான்கு தலைப்புகள் பழக்கத்தில் உண்டு: நோயாளி பராமரிப்பு, தொழில் வளர்ச்சி, கூட்டுப்பணி, ஆய்வு நோக்கு. க்ரேடு ஏற ஏற எதிர்பார்ப்பு விரிகிறது. நர்ஸ் 1 தன் நோயாளிகளைச் சரியாகப் பார்த்துக்கொண்டால் போதும். நர்ஸ் 2 மற்றவர்களையும் வழிநடத்தி வார்டு அளவில் ஏதாவது ஒன்றை மேம்படுத்தியிருக்க வேண்டும். நர்ஸ் 3 ஒரு திட்டம் அல்லது ஒரு பிரிவு அளவில் மாற்றம் கொண்டுவந்து, அது நிலைத்து நிற்பதையும் காட்ட வேண்டும்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது எழுத்தில். 'நோயாளிகளை அன்போடு கவனிக்கிறேன், சக ஊழியர்களுக்கு உதவுகிறேன்' என்று எழுதினால் போர்டுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. உதாரணத்துக்கு இப்படி எழுதிப் பாருங்கள்: 'வார்டில் இரவு ஷிப்டில் விழுந்தவர்கள் மூன்று மாதத்தில் 6 பேர். அவர்களின் பதிவுகளைப் படித்ததில் 4 பேர் கழிவறைக்குத் தனியாக எழுந்தவர்கள் என்று தெரிந்தது. 10 மணிக்கும் 2 மணிக்கும் கழிவறைச் சுற்று வரும் அட்டவணை தயாரித்து, 14 நர்ஸ்களுக்கும் உதவியாளர்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த மூன்று மாதத்தில் 2 பேர். இப்போது இரண்டு வார்டுகள் இதே அட்டவணையைப் பின்பற்றுகின்றன.' பிரச்சினை, நீங்கள் செய்தது, எண்ணிக்கை, எவ்வளவு தூரம் பரவியது என்று நான்கும் இதில் இருக்கின்றன. இதை எழுத வேண்டுமென்றால் தொடக்க எண்ணிக்கையை முன்பே குறித்து வைத்திருக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு தேடினால் கிடைக்காது. மாதம் ஒரு முறை 15 நிமிடம் ஒதுக்கித் தேதியோடு எழுதி வையுங்கள். நோயாளியின் பெயரோ அடையாளமோ அதில் வரவே கூடாது. போர்டு மறுத்தால் மறுபரிசீலனை கேட்கலாம். கடிதத்தில் கெடு தேதி இருக்கும். எந்தத் தலைப்பில் குறை என்று சொல்லியிருக்கிறார்களோ அதற்கு மட்டும் புதிய ஆதாரத்தோடு பதில் எழுதுங்கள்.

நிரந்தரப் பணியில் சேர்ந்தவர்களுக்கு முதல் 2 ஆண்டு தகுதிகாண் பருவம். அந்தக் காலத்தில் பாதுகாப்பு குறைவு, கவனமாக இருக்க வேண்டும். படிப்பு முடித்த கையோடு வருபவர்களுக்கு 12 மாத ரெசிடென்சி பயிற்சி உண்டு.

சம்பளம் உள்ளூர்ச் சந்தையைப் பார்த்து நிர்ணயிக்கப்படுகிறது, அதனால் ஊருக்கு ஊர் மாறும். இரவுக்கு 10 சதவீதமும் சனி, ஞாயிறுக்கு 25 சதவீதமும் கூடுதல். முழுநேர ஆர்.என்.னுக்கு முதல் வருடத்திலிருந்தே ஆண்டுக்கு 26 நாள் விடுப்பு, அதற்கு மேல் 13 நாள் நோய் விடுப்பு, 11 அரசு விடுமுறை. தனியாரில் மணிக்கூலி சற்று அதிகமாக இருக்கும் ஊர்களிலும் இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால்தான் ஒப்பீடு சரியாக இருக்கும். சில இடங்களில் இரண்டு வாரத்துக்கு ஆறு 12 மணி நேர ஷிப்ட் பார்த்தால் 72 மணி நேரத்தையே 80 ஆகக் கணக்கிட்டுச் சம்பளம் தருவார்கள். உங்கள் வார்டில் அது உண்டா என்று நேர்காணலிலேயே கேளுங்கள்.

இப்போது வார்டு. போர் அனுபவமுள்ளவர் தூங்கும்போது தோளைத் தொட்டு எழுப்பாதீர்கள். கட்டிலின் கால்மாட்டில், அவர் கை எட்டாத தூரத்தில் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். விளக்கை ஒரேயடியாகப் போட வேண்டாம். கண் விழித்து உங்களை அடையாளம் கண்ட பிறகு பக்கத்தில் போங்கள். விடிகாலையில் ரத்தம் எடுக்கப் போகும் புதியவர்கள்தான் இதில் அடி வாங்குவார்கள், அந்த நோயாளி மீது எந்தத் தப்பும் இல்லாமலே. கதவுக்கு முதுகு காட்டி உட்கார மறுப்பவர்கள், சாப்பாட்டு டிராலி இடிக்கும் சத்தத்தில் உறைந்து போகிறவர்கள் இருப்பார்கள். இவற்றைப் பராமரிப்புத் திட்டத்தில் எழுதி வைத்தால் அடுத்த ஷிப்டுக்கும் உதவும்.

முதுகுத்தண்டு வார்டில் உயிர் காக்கும் பாடம் ஒன்று உண்டு. முதுகெலும்பில் டி6 (மார்புப் பகுதியின் ஆறாவது எலும்பு) அளவிலோ அதற்கு மேலோ காயம்பட்டவர்களின் சாதாரண ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணே 90, 100, 110 என்றுதான் இருக்கும். அவருக்கு 140 வந்தால் மற்ற வார்டில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் வழக்கத்தைவிட 20 முதல் 40 ஏறினாலே அது ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்சியாவாக (காயத்துக்குக் கீழே எதுவோ உறுத்துவதால் ரத்த அழுத்தம் கட்டுமீறி ஏறும் ஆபத்து) இருக்கலாம். கூடவே இடிக்கிற தலைவலி, முகம் சிவப்பது, காயத்துக்கு மேலே வியர்ப்பது. விட்டுவிட்டால் மூளையில் ரத்தக் கசிவு வரை போகும். உடனே நிமிர்த்தி உட்கார வைத்துக் காலைத் தொங்க விடுங்கள். இடுப்புப் பட்டை, லெக் பேக் (காலில் கட்டும் மூத்திரப் பை) வார் எல்லாவற்றையும் தளர்த்துங்கள். சில நிமிடங்களுக்கு ஒரு முறை அழுத்தம் பாருங்கள். முதல் சந்தேகம் எப்போதும் மூத்திரப்பை: கதீட்டர் மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா. பாதி நேரம் தொடைக்கு அடியில் சிக்கிய குழாய்தான் காரணமாக இருக்கும். அடுத்த சந்தேகம் மலச்சிக்கல். அழுத்தம் 150-க்கு மேல் இருந்தால் அதற்கான மருந்து கொடுத்துவிட்டுத்தான் மலக்குடலைத் தொட வேண்டும்; மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் ஜெல் போட்டுச் சற்று நேரம் விட வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தொடுதலே அழுத்தத்தை இன்னும் ஏற்றும். அழுத்தத்தைக் குறைக்கும் நைட்ரோ பேஸ்ட் வைக்கும் முன் சில்டெனாஃபில் போன்ற ஆண்மைக் குறைவு மாத்திரை சமீபத்தில் சாப்பிட்டாரா என்று கேட்காமல் விடாதீர்கள். அவர் கூச்சப்பட்டுத் தானாகச் சொல்ல மாட்டார்.

மருந்து கொடுக்கும்போது மணிக்கட்டுப் பட்டையையும் மருந்தையும் பார்கோடில் ஸ்கேன் செய்யும் முறை இன்று உலகம் முழுக்க இருக்கிறது. அதன் பெரிய தொடக்கம் வி.ஏ.தான். 1992-ல் கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா வி.ஏ. நர்ஸ் சூ கின்னிக், வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும் இடத்தில் ஊழியர் கையிலிருந்த ஸ்கேனரைப் பார்த்து, காருக்கு முடிந்தது மருந்துக்கு ஏன் முடியாது என்று யோசித்தார். பத்தாண்டு முடிவதற்குள் அது நாடு முழுக்க வி.ஏ. மருத்துவமனைகளுக்குப் பரவத் தொடங்கியிருந்தது. ஒரு வார்டு நர்ஸின் யோசனை இவ்வளவு தூரம் போனதை நினைத்தால் இன்றும் பெருமையாக இருக்கிறது. இந்த முறை தோற்பது குறுக்கு வழியில்தான். பட்டை நனைந்து ஸ்கேன் ஆகவில்லை என்று இன்னொரு நகலை மேசையில் ஒட்டி வைத்து அதை ஸ்கேன் செய்வார்கள். அந்த நொடியில் பாதுகாப்பு முழுக்கப் போய்விடுகிறது. பட்டையை மாற்றி அச்சடிக்க ஆகும் இரண்டு நிமிடத்தைச் செலவழியுங்கள். வலி மாத்திரை கொடுத்தால், வலி குறைந்ததா என்று திரும்ப வந்து பதிவதும் சேர்த்துத்தான் வேலை.

படைவீரர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகள் எங்கே, எந்த ஆண்டு, என்ன வேலை. 2022 ஆகஸ்டில் வந்த பேக்ட் சட்டம், வியட்நாமில் ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லிக்கு ஆளானவர்களின் ரத்தக் கொதிப்பையும் பணியால் வந்த நோய்ப் பட்டியலில் சேர்த்தது. இருபது வருடமாகப் பி.பி. மாத்திரை சாப்பிடும் வியட்நாம் வீரருக்கு இது தெரியாமலே இருக்கலாம். நஷ்டஈட்டு மனுவை நர்ஸ் எழுத முடியாது, ஆனால் அங்கீகாரம் பெற்ற படைவீரர் சேவை அமைப்பின் பிரதிநிதியிடம் அனுப்பி வைக்க முடியும். நச்சு வெளிப்பாட்டுப் பரிசோதனை 5 ஆண்டுக்கு ஒரு முறையாவது நடக்க வேண்டும். தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விகளைத் திரையைப் பார்த்து வாசிக்காமல் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். ஆம் என்றால் அவரைத் தனியாக விட்டு எழுந்து போகாதீர்கள், அங்கிருந்தே ஆளைக் கூப்பிடுங்கள். வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்பதும் அதற்குப் பூட்டு கொடுப்பதும் இங்கே சாதாரண நர்சிங் வேலை. வீட்டுக்குப் போகிறவரின் கைபேசியில் 988 அழைத்து 1 அழுத்துவது (படைவீரர்களுக்கான நெருக்கடி உதவி எண்) எப்படி என்று காட்டிவிட்டே அனுப்புங்கள்.

மேற்படிப்புக்கு வி.ஏ. பணம் தருகிறது. ஓராண்டாவது வேலை பார்த்தவர்கள் நர்சிங் கல்வி உதவித் திட்டத்தில் பட்டம் படிக்கலாம். படித்து முடித்தபின் குறிப்பிட்ட காலம் வேலை செய்தே தீர வேண்டும். நடுவில் விட்டால் பணத்தைத் திருப்பிக் கட்ட நேரிடும். கல்விக் கடன் அடைக்கும் இ.டி.ஆர்.பி. திட்டம் 5 ஆண்டில் 2 லட்சம் டாலர் வரை போகும். ஆனால் அந்தப் பதவிக்கு அது உண்டா என்று பார்த்துத்தான் சேர வேண்டும். நர்ஸ் பிராக்டிஷனர் ஆனவர்களுக்கு 2017 ஜனவரி முதல், மாநிலச் சட்டம் எப்படி இருந்தாலும், வி.ஏ.வுக்குள் மருத்துவர் மேற்பார்வையின்றிச் செயல்படும் முழு அதிகாரத்தை அந்தந்த மருத்துவமனை வழங்க முடியும். மயக்க மருந்து நர்ஸ்கள் மட்டும் அந்த விதியில் சேரவில்லை.

கடைசியாக வயதுக் கணக்கு. ஓய்வூதியம் என்பது தொடர்ச்சியாக மிக அதிகமாகச் சம்பாதித்த 3 ஆண்டின் சராசரியில், ஒவ்வொரு பணி ஆண்டுக்கும் 1 சதவீதம். 62 வயதில் 20 ஆண்டு முடிந்திருந்தால் அது 1.1 ஆகிறது. 40 வயதில் சேர்ந்தவருக்கு 62-ல் 22 ஆண்டு, 24.2 சதவீதம். 43-ல் சேர்ந்தவருக்கு 62-ல் 19 ஆண்டு, 19 சதவீதம்தான். அவர் இன்னும் ஒரு வருடம் இருந்தால் 22. டி.எஸ்.பி. என்ற அரசு ஊழியர் ஓய்வுச் சேமிப்பில் உங்கள் பங்கு 5 சதவீதம் போட்டால் அரசும் 5 போடும். முதல் சம்பளத்திலிருந்தே அதைக் குறைக்காதீர்கள். ஓய்வுக்குப் பிறகும் அரசு மருத்துவக் காப்பீடு தொடர வேண்டுமென்றால் ஓய்வுக்கு முந்தைய 5 ஆண்டு அதில் தொடர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். கணவரின் கம்பெனிக் காப்பீட்டில் இருக்கும் பெண்கள் இதைத்தான் தவற விடுகிறார்கள். நடுவில் வேலையை விட்டாலும் 62-ல் ஓய்வூதியம் வர 5 ஆண்டு பணி தேவை. லீவுக் கணக்குக்கான பணித் தேதியும் ஓய்வூதியக் கணக்குக்கான தேதியும் வேறாக இருக்கலாம். ராஜினாமா எழுதிக் கொடுக்கும் முன் இரண்டாவது தேதியை எச்.ஆரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.